எரிதப் பெட்டியில் நன்மடல்கள்: மின்னஞ்சல் வடிகட்டியின் வரலாறு

முன்னுரை

கதிர்க்கட்டைக் கையால் அடித்து நெல்லைப் பிரித்த பின்னரும் வைக்கோலில் மணிகள் எஞ்சியிருக்கும். அவற்றையும் பெறுவதற்காகவே மாடு கட்டிப் போரடிக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. எந்தப் பிரிப்பு முறையும் முதல் முயற்சியிலேயே முழுமை பெறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று நமக்கு வரும் மின்னஞ்சல்களை ஒரு கருவி பிரிக்கிறது. வேண்டாதது என்று அது கருதும் மடல் தனிப் பெட்டிக்குப் போகிறது. மற்றவை உள்பெட்டிக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் ஸ்பேம் எனப்படும் வேண்டாத மடலைத் தமிழில் எரிதம் என்றும் குப்பை அஞ்சல் என்றும் வழங்குகிறோம். நாமே நீக்கிய மடல்கள் கிடக்கும் குப்பைத்தொட்டியோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதிருக்க, இக்கட்டுரையில் எரிதம் என்னும் சொல்லையே ஆள்வோம்.

எரிதப் பெட்டியில் சேர்பவை அனைத்தும் எரிதமல்ல. ஆசிரியருக்கு மாணவர் அனுப்பிய கட்டுரை, நேர்காணலுக்கான அழைப்பு, உதவித்தொகை பற்றிய அறிவிப்பு ஆகியவையும் அங்கே கிடப்பதுண்டு. இவற்றை நன்மடல்கள் எனலாம். நன்மடல்கள் ஏன் அங்கே சென்றன, அவற்றை மீட்கும் பொறுப்பு முன்பு யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். சிறுபான்மை மொழியில் எழுதப்பட்டமையாலேயே மடல்கள் தடுக்கப்பட்ட நிகழ்ச்சியும் இவ்வரலாற்றில் உண்டு. ஆதலின், இதனைக் கணினித் துறையினருக்கு மட்டும் உரிய செய்தியென்று மொழி ஆசிரியர்கள் ஒதுக்கிவிட இயலாது.

அஞ்சலகம் வகுத்த முறை

மின்னஞ்சலுக்கு முன்பே கடிதங்கள் வழிதவறியதுண்டு. முகவரி தெளிவில்லாமலோ, பெறுநர் வீடு மாறியதாலோ, சேர்ப்பிக்க முடியாத கடிதங்கள் அஞ்சலகங்களில் தேங்கின. அமெரிக்காவில் அத்தகைய கடிதங்களைக் கையாள்வதற்கென்றே 1825ஆம் ஆண்டில் தனி அலுவலகம் ஒன்று ஏற்பட்டது. உயிரற்ற கடிதங்களின் அலுவலகம் என்று பொருள்படும் பெயரை அது பெற்றது. 1992ஆம் ஆண்டில் அப்பெயர் அஞ்சல் மீட்பு நிலையம் என மாற்றப்பட்டது. பெயர் மாறினாலும் பணி ஒன்றே. பிறருக்கு இல்லாத ஓர் அதிகாரம் அங்குள்ள அலுவலர்களுக்கு இருந்தது. உறையைப் பிரித்துப் பார்த்து, உள்ளிருக்கும் குறிப்புகளைக் கொண்டு, கடிதத்தை உரியவரிடம் சேர்க்கவோ எழுதியவருக்குத் திருப்பவோ அவர்கள் முயன்றனர்.

இம்முறையில் மூன்று கூறுகள் இருந்தன. கடிதம் சேரவில்லை என்பதை அமைப்பே அறிந்திருந்தது. மீட்பதற்கென ஊதியம் பெறும் மனிதர் இருந்தார். மீட்பு தோல்வியுற்றால் அனுப்பியவருக்குச் செய்தி போக வழியிருந்தது. எரிதப் பெட்டியில் விழும் நன்மடலுக்கு இம்மூன்றும் இல்லை. மடல் சேர்ந்துவிட்டதாகவே அமைப்பு பதிவு செய்கிறது. மீட்க வேறு எவரும் அமர்த்தப்படவில்லை. அனுப்பியவருக்கு மறுமொழி வராத மௌனம் மட்டுமே மிஞ்சுகிறது. அம்மௌனத்தை அவர் அலட்சியம் என்றோ மறுப்பு என்றோ பொருள் கொள்ளக்கூடும். கட்டுரை அனுப்பிய மாணவர் ஆசிரியர் பொருட்படுத்தவில்லை என்று எண்ணுவார். ஆசிரியரோ மாணவர் அனுப்பவேயில்லை என்று மதிப்பெண் குறைப்பார். இருவரும் தவறு செய்யவில்லை; ஆயினும் இருவருக்கும் இடையே உறவு கெடுகிறது.

எரிதம் பிறந்த கதை

கணினி வலையமைப்பின் வழி மின்னஞ்சல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971ஆம் ஆண்டில் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் செய்து காட்டினார். நான்கே ஆண்டுகளில், 1975 நவம்பரில், வேண்டாத மடல்களைப் பற்றி ஜான் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். இணைய ஆவண வரிசையில் 706 என்னும் எண் கொண்ட அக்குறிப்பு, தொல்லை தரும் கணினியிலிருந்து வரும் செய்திகளை மறுக்கும் வசதி வேண்டும் என்று கூறியது. விளம்பர எரிதம் தோன்றுவதற்கு முன்பே அதனைத் தடுப்பது பற்றிய சிந்தனை தோன்றிவிட்டது என்பது கருதத்தக்கது.

1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துயர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினியை அறிமுகப்படுத்தும் மடல் ஒன்றை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். பெருந்தொகையினருக்குக் கேளாமலே அனுப்பப்பட்ட முதல் விளம்பர மின்னஞ்சல் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், நிரந்தரவாசத் தகுதிக்கான குலுக்கல் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட் கலந்துரையாடல் குழுக்கள் ஆயிரக்கணக்கானவற்றில் ஒரே நேரத்தில் இட்டனர். வணிக எரிதத்தின் பெருக்கம் அதன்பின் தொடங்கியது.

ஸ்பேம் என்பது 1937ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள டின் இறைச்சி ஒன்றின் பெயர். 1970ஆம் ஆண்டில் மாண்டி பைத்தான் என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு, உணவகம் ஒன்றின் எல்லா உணவிலும் அந்த இறைச்சியே கலந்து வருவதாக ஒரு நாடகக் காட்சி அமைத்தது. அச்சொல்லை ஓயாமல் பாடி, பிறர் பேச்சே கேளாதபடி செய்வர். வேண்டாத ஒன்று மீண்டும் மீண்டும் வந்து வேண்டியதை மூழ்கடிக்கிறது என்னும் பொருளில் கணினிப் பயனர்கள் அப்பெயரை எடுத்தாண்டனர். எரிதத்தின் உண்மையான தீமையை அப்பெயரே சுட்டுகிறது.

சொற்பட்டியலின் காலம்

எரிதத்தைத் தடுக்க முதலில் கையாண்ட முறை எளியது. தகாத சொற்களைப் பட்டியலிட்டு, அவை வரும் எழுத்துகளைத் தடுத்தனர். அம்முறையின் குறைபாடு 1996ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு வசைச்சொல் தற்செயலாக அமைந்திருக்கிறது. அதனால் அவ்வூரார் ஏஓஎல் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமற்போயிற்று. இவ்வகைப் பிழைக்கு இன்றும் கணினித் துறையில் அவ்வூரின் பெயரே வழங்குகிறது.

தமிழ் பயில்வோருக்கு இப்பிழை புதிதன்று. செய்யுளைத் தவறாகப் பதம் பிரித்தால் புலவர் எண்ணாத பொருள் தோன்றும். அதனாலேயே பதம் பிரித்தலை நம் உரையாசிரியர்கள் பெரிதும் பேணினர். எழுத்துகளைக் கண்டு சொல்லைக் காணாத வடிகட்டி, பதம் பிரிக்கத் தெரியாத மாணவரைப் போன்றது.

2003 பிப்ரவரியில் இதனினும் தீவிரமான நிகழ்ச்சி ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் நேர்ந்தது. அங்குப் புதிதாக நிறுவப்பட்ட வடிகட்டி, அவ்வேளையில் விவாதத்தில் இருந்த பாலியல் குற்றங்கள் மசோதா தொடர்பான மடல்களைத் தடுத்தது. சட்டம் இயற்றுவோர் தம் சட்டத்தின் பெயரையே மடலில் எழுத முடியாத நிலை ஏற்பட்டது. அத்துடன், வெல்ஷ் மொழியில் எழுதப்பட்ட மடல்களையும் அது தடுத்தது. அம்மொழியை அறியாமையே அதற்குக் காரணம். பிரிட்டனிலேயே பல நூற்றாண்டுகளாகப் பேசப்படும் ஒரு மொழி, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கருவிக்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றியது. தகாத சொல் இருந்ததனால் அம்மடல்கள் தடுக்கப்படவில்லை. அறிந்த சொல் இல்லாததனால் தடுக்கப்பட்டன. சிறுபான்மை மொழி பேசுவோர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

சொற்பட்டியலோடு முகவரிப் பட்டியலும் வளர்ந்தது. 1997ஆம் ஆண்டில் பால் விக்சி முதலியோர் எரிதம் அனுப்பும் கணினி முகவரிகளைத் தொகுத்து, பிற அஞ்சல் வழங்கிகள் பயன்படுத்துமாறு தடைப்பட்டியலாக வெளியிட்டனர். இதனால் பெரும் பயன் விளைந்தது. ஆனால் ஒரே வழங்கியைப் பலர் பகிரும்போது ஒருவர் செய்த குற்றத்திற்காக அயலாரும் தண்டனை பெற்றனர். 2004ஆம் ஆண்டின் இறுதியில் வெரைசன் நிறுவனம் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து வந்த மடல்களைப் பெருமளவில் தடுத்தபோது, அதன் அமெரிக்கப் பயனர்கள் வழக்குத் தொடுத்தனர். எழுதியவர் யார் என்று பாராமல் எங்கிருந்து எழுதினார் என்று மட்டும் பார்த்ததன் விளைவு அது.

நிகழ்தகவின் காலம்

பட்டியல்களின் குறைபாட்டை உணர்ந்த ஆய்வாளர்கள் கணிதத்தின் துணையை நாடினர். தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1763ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிப்படையாயிற்று. கண்ட சான்றுகளைக் கொண்டு காணாத காரணத்தை எவ்வளவு உறுதியோடு ஊகிக்கலாம் என்பதே அதன் வினா. 1998ஆம் ஆண்டில் மெஹ்ரான் சஹாமி, சூசன் டுமே, டேவிட் ஹெக்கர்மன், எரிக் ஹார்விட்ஸ் ஆகிய நால்வரும் அம்முறையை எரிதத்திற்குப் பொருத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எரிதம் ஒன்று உள்பெட்டிக்கு வருவது தொல்லை. நன்மடல் ஒன்று தொலைவது இழப்பு. இரண்டும் ஒரே எடையுடையவை அல்ல. எனவே ஒரு மடல் எரிதமாக இருக்கும் வாய்ப்பு 99.9 விழுக்காட்டைக் கடந்தால் மட்டுமே அதனை ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் வரையறுத்தனர்.

2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரவலாக்கியது. தமக்கு வந்த நன்மடல்கள் ஏறத்தாழ 4000, எரிதங்கள் ஏறத்தாழ 4000 ஆகியவற்றைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லும் எத்தொகுதியில் எத்தனை முறை வருகிறது என்று அவர் எண்ணினார். புதிய மடல் வந்ததும், அதில் மிகத் தெளிவான சான்று தரும் 15 சொற்களைக் கொண்டு முடிவு செய்தார். நன்மடல் தவறாக ஒதுக்கப்படாமலிருக்க, நன்மடல் தொகுதியில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை இரட்டித்துக் கணக்கிட்டார். ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே செல்ல வேண்டும் என்னும் நீதிமன்ற மரபு இங்குக் கணித வடிவம் பெற்றது எனலாம்.

இம்முறையின் உயிர்நாடி பயனரின் தீர்ப்பாகும். இது எரிதம், இது எரிதமன்று என்று பயனர் சொல்லச் சொல்லவே கருவி கற்றது. மீட்கப்படும் ஒவ்வொரு நன்மடலும் அதற்கு ஒரு பாடமாயிற்று. மீட்கப்படாத நன்மடலோ தவறான பாடமாய் நிலைத்தது.

எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும் ஓர் இடர் நீங்கவில்லை. பொய் எப்போதும் உண்மையைப் போலவே உடுத்திக்கொள்கிறது. அதனால் உண்மை பொய்யைப் போலத் தோன்றிவிடுகிறது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஹெலன் கார்னருக்கு 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விண்டம் கேம்பல் இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை 150,000 அமெரிக்க டாலர். அவர் விண்ணப்பிக்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அச்செய்தியைக் கொண்டுவந்த மடல் அவருடைய எரிதப் பெட்டியில் கிடந்தது. கேளாமலே பெரும் பரிசு கிடைத்திருக்கிறது என்று அயல்நாட்டிலிருந்து வரும் மடல்களுள் மிகப் பல ஏமாற்றே. கருவி தான் கற்ற பாடத்தின்படியே நடந்தது. அப்பெட்டியைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தமையாலேயே செய்தி அவரை அடைந்தது.

தமிழ் மடல்கள் கடந்த வழி

வெல்ஷ் மொழிக்கு நேர்ந்த இடர் தமிழுக்கும் நேரக்கூடியதா? அதனை அறிய மின்னஞ்சலின் அடித்தளத்தை நோக்க வேண்டும். ஜான் போஸ்டல் 1982ஆம் ஆண்டில் வகுத்த அஞ்சல் நெறிமுறை, ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் உள்ளடக்கிய 128 இடங்களை மட்டுமே கருதியது. பிறமொழி எழுத்துகளை முறைப்படி அனுப்புவதற்கான மைம் நெறிமுறை 1992ஆம் ஆண்டில் வந்தது. மடலின் உடலுக்கு ஒரு முறையும் தலைப்பு வரிக்கு வேறொரு முறையும் அப்போது வகுக்கப்பட்டன.

தமிழ் இணையத்தில் கால்கொண்ட காலமும் அதுவே. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருள் முரசு அஞ்சல் என்று அஞ்சலின் பெயரையே தாங்கியிருந்தது. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டில் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதற்கு முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. திஸ்கி, டாப், டாம் எனப் பலவாறு வழங்கிய அவற்றுள் பல, ஆங்கிலம் பயன்படுத்தாமல் விட்ட மேல் இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தின. உரிய எழுத்துரு உள்ளவருக்கு அது தமிழ். இல்லாதவருக்கோ புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குழப்பம். இடையில் நின்ற கருவிக்கும் அது குழப்பமே.

2001ஆம் ஆண்டில் ஜஸ்டின் மேசன் தொடங்கிய ஸ்பேம் அசாசின் என்னும் திறமூல வடிகட்டி உலகின் பல நிறுவனங்களில் பயன்பட்டது. மடலில் காணும் ஒவ்வோர் ஐயத்திற்கும் அது புள்ளிகள் இடும். இயல்பான அமைப்பில் மொத்தம் 5 புள்ளிகளை எட்டினால் எரிதம் என்று முத்திரை குத்தும். தலைப்பு வரியில் முறைப்படி குறியாக்கம் செய்யப்படாத எழுத்துகள் மிகுந்திருந்தால் புள்ளி கூடும். தம் பயனர்கள் எந்த வட்டார எழுத்துகளைப் படிப்பார்கள் என்று நிருவாகி அறிவித்திருந்தால், அதற்கு அப்பாற்பட்ட எழுத்துமுறைக்கும் புள்ளி கூடும். இவ்விதிகள் எவரையும் இழிவுபடுத்த எழுந்தவை அல்ல. தாம் படிக்க முடியாத மொழிகளில் எரிதம் வந்து குவிந்த ஆங்கிலப் பயனர்களைக் காக்க எழுந்தவை. ஆயினும், குறியாக்கம் பிறழ்ந்த தமிழ் மடல் ஒன்று அவ்விதிகளின் முன் நின்றால், அதன் பொருள் ஆராயப்படுமுன்பே ஐயத்திற்கு உள்ளாகும்.

சொற்களை எண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. எதனைச் சொல் என்று கொள்வது? ஆங்கிலத்திற்கு எழுதப்பட்ட நிரல்கள் எழுத்து, எண், இடைக்கோடு, டாலர் குறி போன்றவற்றைச் சொல்லின் உறுப்புகளாகவும் மற்றவற்றை இடைவெளியாகவும் கொண்டன. ஆங்கில எழுத்தை மட்டுமே எழுத்தென்று அறிந்த நிரலுக்குத் தமிழ் மடல் முழுவதும் இடைவெளியே. தமிழைத் தமிழாகப் படித்தாலும் இடர் தீராது. ‘பள்ளி’ என்னும் பெயர் பள்ளியில், பள்ளிக்கு, பள்ளியிலிருந்து, பள்ளிகளுக்கான என்று வேற்றுமையும் சாரியையும் ஏற்று விரியும். ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக எண்ணும் கருவிக்கு, ஆங்கிலத்தைக் கற்பதற்குத் தேவைப்படுவதினும் மிகுதியான தமிழ் மடல்கள் தேவை.

யூனிகோட் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. 1991ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. உலகின் எல்லா மொழிகளும் ஒரே குறியீட்டுக் குடும்பத்தில் அடங்கியபின், அயல் எழுத்துமுறை என்பதற்காகவே ஒரு மடலை ஐயுறும் தேவை குறைந்தது. யூனிகோட் தமிழில் எழுதுவது கருவி நம்மைப் படிப்பதற்கான முதல் தகுதியாகும்.

அடையாளச் சான்றுகளின் காலம்

எரிதம் அனுப்புவோர் பிறர் பெயரில் எழுதத் தொடங்கியதும், மடலின் சொற்களை விட்டு அனுப்புநரின் அடையாளத்தை ஆராயும் முறைகள் எழுந்தன. ஒரு நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006ஆம் ஆண்டிலும், மடலுக்கு மின்னொப்பம் இடும் டிகேஐஎம் 2007ஆம் ஆண்டிலும், இரண்டையும் இணைத்து ஆளும் டிமார்க் 2015ஆம் ஆண்டிலும் இணைய ஆவணங்களாக வெளிவந்தன.

பூட்டு வலுத்தபோது வீட்டுக்காரரும் வெளியே நிற்க நேர்ந்தது. 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் டிமார்க் விதியைக் கடுமையாக்கியது. யாகூ முகவரியிலிருந்து மடற்குழு ஒன்றுக்கு எழுதினால், குழுவின் கணினி அதனை உறுப்பினர்களுக்குத் திரும்ப அனுப்பும். அக்கணினி யாகூவினது அன்று. ஆகவே மடல் போலி என்று பிற நிறுவனங்கள் மறுத்தன. உலகெங்கும் மடற்குழுக்கள் தடுமாறின. பழைய முகவரிக்கு வரும் மடலைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடுவோரும் இன்று இதே இடரைச் சந்திக்கின்றனர். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்று சான்றுகளையும் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் வரையறுத்தது. யாகூவும் அவ்வாறே விதித்தது.

பொறுப்பு யாருடையது?

எரிதம் அனுப்புவோரைச் சட்டம் கட்டுப்படுத்த முயன்றது. அமெரிக்கச் சட்டம் 2004 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரின் எரிதக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007 ஜூன் 15 அன்று நடப்புக்கு வந்தது. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் ஒரே பொருள் பற்றி அனுப்பினால் அது மொத்த அனுப்புதல் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. கேளாமல் அனுப்பும் வணிக மடலின் தலைப்பில் விளம்பரம் என்பதற்கான குறி இருக்க வேண்டும். விலகிக்கொள்ளும் வழியும் தரப்பட வேண்டும். எரிதத்தை வரையறுத்துத் தண்டிக்கும் இத்தகைய சட்டங்கள், தவறாகத் தள்ளப்பட்ட நன்மடலை மீட்டுத் தரும் கடமையை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைக்கவில்லை.

அக்கடமை யாருடையது என்பதை நீதிமன்றங்கள் கூறின. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், நீதிமன்ற அறிவிப்பு வடிகட்டியில் சிக்கியதால் வழக்கறிஞர்கள் ஓர் அமர்வுக்கு வரத் தவறினர். நீதிமன்றம் அவர்களையே பொறுப்பாளிகளாக்கியது. 2017ஆம் ஆண்டில் புளோரிடா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு இன்னும் கடுமையானது. நீதிமன்ற ஆணை வந்த மடலை எரிதமென்று கருதிய கருவி, எவருக்கும் தெரிவிக்காமல் அதனை அழித்துவிட்டது. மேல்முறையீட்டுக் காலம் கடந்தது. எரிதத்தை அறிவிப்பின்றி அழிக்குமாறு அமைக்க வேண்டா என்று தொழில்நுட்ப ஆலோசகர் முன்பே கூறியும் அவ்வாறு அமைத்தமையால், அந்தச் சட்ட நிறுவனத்தின் வேண்டுகோளை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அஞ்சலகத்தின் மீட்பு அலுவலர் வகித்த இடம் நம்மிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதே இத்தீர்ப்புகளின் பொருள். ஊதியம் இல்லை, நியமன ஆணை இல்லை, பயிற்சியும் தரப்படவில்லை. பணி மட்டும் நம்முடையது.

மீட்கும் முறை

இப்பணியை எவ்வாறு செய்வது? முதலில், காலத்தை அறிய வேண்டும். ஜிமெயிலில் எரிதப் பெட்டியில் சேர்ந்த மடல் 30 நாளில் தானே அழியும். வாரம் ஒருமுறை அப்பெட்டியைப் பார்ப்பவருக்கு எதுவும் தப்பாது. தேர்வு, விண்ணப்பம், போட்டி நடைபெறும் காலங்களில் நாள்தோறும் பார்ப்பது நலம். தேடற்கட்டத்தில் பெயரை இட்டுத் தேடுவோர், ஜிமெயிலின் இயல்பான தேடல் எரிதப் பெட்டிக்குள் செல்வதில்லை என்பதை அறிய வேண்டும். பாப் என்னும் முறையில் மடல்களைக் கணினிக்கு இறக்கிப் படிப்போர், எரிதப் பெட்டியில் உள்ளவை இறங்கமாட்டா என்பதையும் கருத வேண்டும்.

அடுத்து, மடலைக் கண்டவுடன் ஆராய வேண்டும். அங்குக் கிடப்பவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் எரிதமே. அனுப்புநரின் பெயரை மட்டும் பாராமல் முழு முகவரியையும் பார்க்க வேண்டும். உறுதியாகும் வரையில் இணைப்புகளைத் தொடலாகாது. ஐயம் இருப்பின், மடலில் உள்ள எண்ணை விடுத்து, நாம் முன்பே அறிந்த எண்ணில் தொலைபேசி வழிக் கேட்பதே முறை.

நன்மடல் என்று தெளிந்தால், அதனை இழுத்து உள்பெட்டியில் போடுவதோடு நில்லாமல், எரிதமன்று என்று தெரிவிக்கும் பொத்தானை அழுத்துவது நலம். அதுவே கருவிக்கு நாம் தரும் வெளிப்படையான தீர்ப்பு. அனுப்புநரைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும், அம்முகவரி மடல்களை ஒருபோதும் எரிதத்திற்கு அனுப்பாதே என்று விதி அமைப்பதும் கூடுதல் காப்பு. பள்ளி, அலுவலகம் ஆகியவற்றின் மடல்கள் பயனர் காணாத தடுப்பறையிலேயே நிறுத்தப்படுவதுண்டு. அங்கிருந்து அவற்றை விடுவிக்கத் தொழில்நுட்ப நிருவாகியை நாட வேண்டும்.

அனுப்புவோருக்கும் கடமை உண்டு. தலைப்பை வெறுமையாக விடாமல், பொருள் விளங்க எழுத வேண்டும். இணைப்பை மட்டுமோ, படமாக்கிய எழுத்தை மட்டுமோ அனுப்பாமல், பெறுநரை விளித்து இரண்டு மூன்று முழு வாக்கியங்களாவது எழுத வேண்டும். கடித இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் விளி, பொருள், உடல், ஒப்பம் என்று பகுத்துக் கூறுவதைக் கடைப்பிடித்தாலே கருவியின் ஐயத்திற்கான காரணங்கள் பல நீங்கிவிடும். முக்கியமான மடலுக்கு மறுமொழி வராவிடில், சினம் கொள்ளுமுன் வேறு வழியில் ஒருமுறை கேட்பது பண்பு.

முடிவுரை

எரித வடிகட்டியின் வரலாறு, ஐயத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே நடந்த நீண்ட பேச்சுவார்த்தையாகும். சொல்லைக் கண்டு ஐயுற்ற காலம், இடத்தைக் கண்டு ஐயுற்ற காலம், எண்ணிக் கணித்த காலம், அடையாளம் கேட்ட காலம் என்று அது படிப்படியாக வளர்ந்தது. ஒவ்வொரு படியிலும் எரிதம் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் சில நன்மடல்கள் புதிய காரணத்தால் வழிதவறின. எரிதப் பெட்டி என்னும் ஏற்பாடே, கருவி தன் தீர்ப்பில் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வதன் அடையாளம். உடனே அழிக்காமல், 30 நாள் தவணை கொடுத்து, மேல்முறையீட்டை நம்மிடம் விட்டிருக்கிறது.

அம்மேல்முறையீட்டை விசாரிப்பதில் தமிழருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. கருவிகள் தாம் மிகுதியாகக் கண்ட மொழிகளை நன்கு அறிகின்றன. நாம் தமிழில் எழுதாவிடில் அவை தமிழைக் காணா. தமிழில் எழுதிய நன்மடலை நாம் எரிதப் பெட்டியிலேயே அழிய விட்டால், அம்மடலைப் பற்றிய தவறான தீர்ப்பு திருத்தப்படாமல் நிற்கும். மாணவர் தம் ஆசிரியருக்குத் தமிழில் ஒரு மடல் எழுதுவதும், அது வழிதவறியிருந்தால் ஆசிரியர் அதனைத் தேடி எடுத்து மறுமொழி தருவதும் சிறு செயல்களே. ஒரு மொழி புதிய ஊடகத்தில் அயன்மையாய்க் கருதப்படாமல் வாழ்வது இத்தகைய சிறு செயல்களாலேயே.